கடைசி நாள் உங்கள் இருவருக்கு



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பெட்டி கட்டும் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பினாங்கா, கேமரன் மலையா, போர்ட்டிக்சனா, மலாக்காவா என்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வாடகை வீடு தேடுகிறார்கள். "அப்பா, அம்மா, நீங்களும் கட்டாயம் வரணும்" என்று அழைக்கிறார்கள். இப்படி அழைக்கப் பிள்ளைகள் இருப்பதே ஒரு கொடுப்பினை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால், போய் வந்த தாத்தா பாட்டியிடம் "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கு எத்தனை வேளை சமைத்தோம் என்பது நினைவிருக்கும். தாத்தாவுக்கு எந்தெந்த இடத்தில் பைகளுக்குக் காவல் இருந்தோம் என்பது நினைவிருக்கும். கடலை எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்றால் இருவரும் யோசிப்பார்கள்.

ஆகவே இந்த இதழில் சின்ன விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். குடும்பத்தோடு போகும் விடுமுறையின் கடைசி நாளை என்ன செய்வது? எதையும் செய்யாமல் காலியாக விடுங்கள், அந்த நாளை வீட்டிலுள்ள மூத்த தம்பதியிடம் கொடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லீவு அறியாத தலைமுறை

நம்மில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு விடுமுறை என்பது பழக்கமில்லாத பண்டம். தோட்டத்தில் அன்றாடக் கூலி. பெரட்டுக்குப் போனால்தான் பேர் விழும், பேர் விழுந்தால்தான் சம்பளம். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. அன்றைக்கு வீட்டில் இருந்ததை ஓய்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது கவலை நாள்.

வெளியூர்ப் பயணம் இல்லாமலில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை அல்லது பத்துமலை, மாசி மகத்துக்கு மலாக்கா சன்னாசிமலை, சித்திரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான். லாரியில் பாய் விரித்து, கட்டுச்சோறும் புளிச்சாதமும் கட்டிக்கொண்டு, லயமே புறப்பட்டுப் போகும். போன இடத்தில் சாமி கும்பிட்டு, பிள்ளைகளுக்குப் பலூனும் வளையலும் வாங்கிக் கொடுத்து, விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். மறுநாள் வேலை காத்திருக்கும். அந்த லாரியில் கணவன் ஆண்கள் பக்கம், மனைவி பெண்கள் பக்கம். இருவரும் சேர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது!

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நம் நாட்டில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்புக்கு வழி செய்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டு வரை 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். ஆனால் அந்த நாட்களை நம்மவர்கள் எதற்குச் செலவழித்தார்கள்? கல்யாணம், கருமாதி, காதுகுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. தனக்கென்று ஒரு நாள் எடுத்தவரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்படி வாழ்ந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்த பிறகும் சும்மா இருக்கத் தெரிவதில்லை. விடுமுறை வீட்டுக்குப் போனாலும் அம்மா முதலில் அடுப்பைத்தான் பார்க்கிறார். அப்பா தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்.

ஏன் கடைசி நாள்?

முதல் நாளைக் கேட்க முடியாது. அன்று பயணக் களைப்பு, அறை பிரிப்பதில் குழப்பம். நடு நாட்கள் பேரப்பிள்ளைகளுடையவை. கடலில் குளிக்க வேண்டும், மலை ஏற வேண்டும், ஐஸ் கச்சாங் சாப்பிட வேண்டும். கடைசி நாள் வரும்போது எல்லாருக்கும் ஆசை ஓரளவு அடங்கியிருக்கும். படம் எடுத்தாகிவிட்டது. சாமான் வாங்கியாகிவிட்டது. பார்க்காத இடம் ஒன்றிரண்டு பாக்கி இருந்தாலும் யாரும் அழப்போவதில்லை.

நம் குடும்பங்களோ அந்த நாளில்தான் அடித்துப் பிடித்து ஓடுகின்றன. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவதா?" என்று காலையில் இரண்டு இடம், மத்தியானம் ஓரிடம், பிறகு அப்படியே காரை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவது. இரவு பதினொரு மணிக்கு வீடு சேரும்போது தாத்தாவுக்குக் கால் வீங்கியிருக்கும். பாட்டிக்கு மாத்திரை தவறியிருக்கும்.

ஆகவே கணக்கை மாற்றிப் போடுங்கள். திரும்பும் நாளைக் கடைசி நாளாக எண்ண வேண்டாம். அது பயணத்துக்கு உரியது. அதற்கு முந்திய முழு நாள்தான் கடைசி நாள். நான்கு நாள் என்றால் மூன்று நாள் ஊர் பாருங்கள், நான்காம் நாளைக் காலியாக விடுங்கள், ஐந்தாம் நாள் காலை புறப்படுங்கள். வீட்டு வாடகை ஓர் இரவு கூடும் என்பீர்கள். அந்தச் செலவு வீண் போகாது.

பினாங்கில் ஒரு நாள்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பம் இந்தக் கணக்கில்தான் பினாங்கு போய் வந்தது. மகன் வீடு, மகள் வீடு, பேரப்பிள்ளைகள் ஐவர், நாங்கள் இருவர். தஞ்சோங் பூங்காவில் அடுப்படியோடு கூடிய ஒரு வாடகை வீடு. கடைசி நாள் காலையில் பிள்ளைகள் எல்லாரும் தெலுக் பஹாங் பக்கம் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் உங்க இஷ்டம்போல இருங்க" என்று சாவியைக் கொடுத்தாள் மருமகள்.

என் அம்மா மரம் சீவியவர். அவர் எழும் நேரத்தில் எழுந்து வளர்ந்ததால் எனக்கு இன்றும் நாலரைக்கே கண் விழித்துவிடும். பினாங்கில் ஏழு மணிக்குப் பிறகுதான் நன்றாக விடிகிறது. அதுவரை என்ன செய்வது? எங்கள் வீட்டுக்காரர் பாமாயில் ஆலையில் ஷிப்ட் வேலை செய்தவர். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நான் பள்ளிக்குப் போகும் நேரம் அவர் தூங்கப் போவார். நான் தூங்கும் நேரம் அவர் பசியாறிக்கொண்டிருப்பார். முப்பது ஆண்டு அப்படித்தான் குடும்பம் ஓடியது. அன்றைக்கு அவரே எழுந்து வந்து கோப்பி கலக்கினார். சீனி சற்றுத் தூக்கல். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மீன்பிடிப் படகு ஒன்று விளக்கோடு கரைக்கு வருவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கரை சேரும் வரை பேச்சே இல்லை. வீட்டில் என்றால் இந்த நேரத்தில் வானொலி பாடும், வாளியில் தண்ணீர் விழும், நான் கூட்டிக்கொண்டிருப்பேன்.

ஒன்பது மணிக்கு மேல் 101ஆம் எண் பஸ் ஏறினோம். அந்தப் பஸ் கடலோரமாகவே கெர்னி டிரைவ், கொம்தார் வழியாகப் படகுத்துறை வரை போகிறது. கார் இருந்தாலும் மூத்தவர்கள் ஒரு நாளாவது பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம்; ஓட்டுகிறவர் கோபப்பட வேண்டாம்; இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகலாம். கெர்னி டிரைவில் நாம் அறிந்த பழைய கரையோரம் இப்போது இல்லை. கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. "எவ்வளவு தூரம் போயிருச்சு பாரு" என்றார் அவர்.

குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தில் உச்சிப் பூசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். 1833இல் எழுந்த கோயில் அது. பினாங்கிலேயே பழமையான இந்துக் கோயில் என்ற பெருமை அதற்கு உண்டு. ஜார்ஜ்டவுன் நகரமும் மலாக்காவும் 2008இல் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. இந்தத் தெருக்களும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. தண்ணீர்மலைக்கு நாங்கள் போகவில்லை. 2012இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். என் முழங்கால் ஒப்பவில்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு. அவசரப்படுத்தப் பேரப்பிள்ளை இல்லாததால் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் சௌராஸ்தா சந்தைக்கு ஆடி அசைந்து போய் ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் வாங்கினோம். அவ்வளவுதான் எங்கள் கொள்முதல்.

படகில் ஒரு பேச்சு

படகுத்துறையிலிருந்து பெரி ஏறி, அக்கரை பட்டர்வொர்த் போய், திரும்பி வருவது என்று முடிவு செய்தோம். வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான்!

பழைய பெரியை அறிந்தவர்களுக்கு இன்றைய படகு சற்று வேடிக்கையாக இருக்கும். காரும் லாரியும் மனிதர்களுமாக ஒன்றாய் ஏறிப்போன அந்தப் பெரிய படகுகள் 2020 கடைசியோடு பயணிகள் சேவையிலிருந்து விடைபெற்றன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன. இவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டுமே ஏறலாம், கார்களுக்குப் பாலம்தான். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. இரண்டாம் பாலம் 2014இல் வந்தது. அது ஏறத்தாழ 24 கிலோமீட்டர்.

நாங்கள் முதன்முதலில் ஒன்றாகப் பினாங்கு வந்தது 1980 தைப்பூசத்துக்கு. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். பாலம் இல்லாத காலம். லாரியோடு பெரி ஏறி வந்தோம். கொடிமலை இரயிலைப் பார்க்க வேண்டும் என்று நான் அன்றைக்கு ஆசைப்பட்டேன். 1923 முதல் ஓடும் இரயில், பாதி வழியில் வண்டி மாறிப் போக வேண்டும் என்றெல்லாம் எங்கள் தலைமையாசிரியர் சொல்லிக் கேட்டிருந்தேன். "கூட்டமா இருக்கு, இன்னொரு தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

இந்தப் பயணத்தில் இரண்டாம் நாள் மகன் எங்கள் எல்லாரையும் கொடிமலைக்கு அழைத்துப் போனான். 2011இல் புதுப்பித்த இரயில், வண்டி மாறாமல் சில நிமிடத்தில் மேலே கொண்டு போய்விடுகிறது. அன்று நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் இவர் ஒரு மாதிரியாக ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன். காரணம் கேட்கவில்லை. பிள்ளைகள் சூழ்ந்திருக்கும்போது எதைக் கேட்பது?

பெரி நடுக்கடலுக்கு வந்தபோது இவர் திரும்பி நின்று ஊரைப் பார்த்தார். ஜார்ஜ்டவுனுக்குப் பின்னால் மலை நீலமாகத் தெரிந்தது.

"அன்னைக்குக் கூட்டமா இருக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"என்னைக்குங்க?"

"கல்யாணம் ஆன புதுசுல, பூசத்துக்கு வந்தப்ப. கூட்டம் இல்ல. காசு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டு உள்ளே வைத்திருந்த வார்த்தை. பிறகு எனக்கும் பேச்சு வந்தது. பட்டர்வொர்த்தில் இறங்கி, நிழலில் உட்கார்ந்து, தண்ணீர்ப் போத்தலை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு பேசினோம். வீட்டில் பேசத் துணியாததையும் பேசினோம். இருவரில் ஒருவர் முன்னே போவோம், ஒருவர் இருப்போம். இருக்கிறவர் எங்கே இருப்பது? மாதம் ஒரு பிள்ளை வீடு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்ற எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். நடமாட முடிகிற வரை என் வீட்டில்தான் இருப்பேன் என்றேன். அவர் வீட்டுக் கிராண்ட் எந்த அலமாரியில் இருக்கிறது, வங்கிப் புத்தகம் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். "இதையெல்லாம் நாமே பிள்ளைங்ககிட்ட சொல்லிடணும்" என்றார். அழவுமில்லை, பயப்படவுமில்லை. ஊர்க்கதை பேசுவதுபோல் பேசி முடித்துவிட்டுத் திரும்பவும் படகு ஏறினோம்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு மிச்சமிருந்த குழம்பும் முட்டைப் பொரியலும்தான். மகள் பொரித்தாள்; நான் உட்கார்ந்திருந்தேன். பேரப்பிள்ளைகள் தூங்கியதும் இவர் மகனையும் மகளையும் அழைத்து நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். மகன் முதலில் "இப்ப எதுக்குப்பா?" என்றான். அப்புறம் கேட்டுக்கொண்டான். இவர் தம் சட்டைகளைத் தாமே மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அன்பர்களே, இதை எங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பேச்சு நடப்பதற்கு ஒரு காலி நாள் வேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் நான்கு சுவர், தொலைக்காட்சி, மருந்து நேரம், அண்டை அயலார். வாய் திறப்பதற்குள் கதவைத் தட்டுகிறார்கள். கடைசி நாளில் வேலையும் கிடையாது, வீடும் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் இருக்கும் அந்த நேரத்தில்தான் மனம் அவிழ்கிறது.

காகிதத்தையும் பாருங்கள்

பேசியதோடு நின்றுவிடக் கூடாது. கணவர் பெயரில் உள்ள வீடு அவருக்குப் பின் தானாக மனைவிக்கு முழுதும் வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பேசும். பெற்றோர் உயிரோடு இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இருந்தால் அவர்களுக்கு நாலில் ஒரு பங்கு, மனைவிக்கு நாலில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் சரி. மருமக்கள் நடுவே மனத்தாங்கல் வந்தால், வயதான தாய் தன் வீட்டிலேயே பங்காளி ஆகிவிடுவாள்.

உயில் எழுதுவது கஷ்டமில்லை. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். உயிலால் பலன் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போய்விடும். ஊழியர் சேமநிதியில் பணம் வைத்திருப்பவர்கள் நியமனதாரர் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரை எழுதியவர்கள் இன்னும் மாற்றாமலே இருக்கக் கூடும். சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குள் அடங்காது. அதற்குத் தனியாக நியமனம் எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கடைசி நாள் நிம்மதியாகக் கழிய வேண்டுமானால் சில ஏற்பாடுகள் தேவை.

1. மருந்தைப் பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெளியே போவது காலையில் இருக்கட்டும். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் மூன்று வரை வெயிலில் அலைய வேண்டாம். சாப்பிட்டு, சற்றுக் கண் அயருங்கள்.

3. இனிப்புநீர் உள்ளவர்கள் கடைசி நாள்தானே என்று செண்டோல், தேத்தண்ணீர், பலகாரம் என்று வரிசையாக இறங்க வேண்டாம். ஒரு கிண்ணம் வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

4. கடலில் கால் நனைக்க ஆசை வரும். பினாங்கின் வடகரைப் பக்கம் ஜெல்லி மீன் வருவதுண்டு. அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வழுக்கும் பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

5. தனியாக இருவர் போகும்போது கைத்தொலைபேசியில் மின்சாரம் நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டு முகவரியை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அவசரத்துக்கு 999.

6. மறுநாள் காரில் நெடுந்தூரம் உட்கார வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓய்விடங்களுக்குக் குறைவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிச் சற்று நடங்கள். கார் பயணம் ஒவ்வாதவர்களுக்கு, 2015 முதல் பட்டர்வொர்த் வரை மின்சார இரயில் ஓடுகிறது. வசதியாகக் கால் நீட்டி வரலாம்.

7. பெட்டியை முந்திய நாள் மாலையே கட்டிவிடுங்கள். அம்மா ஒருத்தியே எல்லாருக்கும் மடித்து வைக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

மகன்களே, மகள்களே, பெற்றோரை விடுமுறைக்கு அழைத்துப் போவது நல்ல காரியம். ஆனால் அவர்களை அழைத்தது சமையலுக்கா, பிள்ளை பார்க்கவா, அல்லது அவர்களுக்காகவா என்று மனத்துக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் அவர்கள் உங்களோடு ஓடி வரட்டும். பேரப்பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதில் அவர்களுக்கும் ஆனந்தம் இருக்கிறது. அதைப் பறிக்க வேண்டாம். நான்காம் நாள் மட்டும் நீங்கள் விலகிப் போங்கள். ஐம்பது வெள்ளியைக் கையில் கொடுத்து, "எங்கே வேணும்னாலும் போங்க, போகாமலும் இருங்க" என்று சொல்லுங்கள். மணிக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு "எங்கே இருக்கீங்க?" என்று விசாரிக்க வேண்டாம். மத்தியானம் ஒரு முறை போதும்.

அவர்கள் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தால் குறை நினைக்காதீர்கள். தாத்தா தினசரியைக் கடைசிப் பக்கம் வரை படிக்கட்டும். பாட்டி யாரும் எழுப்பாமல் தூங்கட்டும். படம் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. இருக்கட்டுமே.

துணையை இழந்து தனித்திருக்கும் வாசகர்கள் இதைப் படித்து மனம் கனக்கலாம். உங்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் அந்தக் கடைசி நாள் உண்டு. தங்கையோ, பழைய தோட்டத்துத் தோழியோ, அண்டை வீட்டு அக்காவோ ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். போனவரைப் பற்றி வாய்விட்டுப் பேச, கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

வயதான தம்பதிக்குப் பெரிய உல்லாசம் தேவையில்லை. பெரி ஏறிப் போய் வரவும், நிழலில் உட்காரவும், கேட்க நினைத்ததைக் கேட்கவும் ஒரு நாள் வேண்டும். முழங்கால் நடக்கும்போதே, காது கேட்கும்போதே அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட்ட நாட்கள் நம் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

வருகிற விடுமுறையில் உங்கள் கடைசி நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். இருவரும் சேர்ந்து எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த இதழில் சந்திப்போம்.